சிட்டிசன்ஷிப் தேர்வு: ‘உங்கள் ரெப்ரசென்டேடிவ் யார்?’ கேள்விக்கு எப்படித் தயாராவது?

அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வின் குடிமையியல் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை அச்சடித்தபடியே இருக்கும். செனட்டர்கள் 100 பேர், பதவிக்காலம் 6 ஆண்டு. பிரதிநிதிகள் அவையில் ஓட்டுரிமை உள்ள உறுப்பினர்கள் 435 பேர், பதவிக்காலம் 2 ஆண்டு. இன்றைக்குப் படித்தாலும் அடுத்த வருடம் படித்தாலும் இதுதான். ஏழு கேள்விகள் மட்டும் வேறு ரகம்: அதிபர் யார், துணை அதிபர் யார், பிரதிநிதிகள் அவையின் சபாநாயகர் யார், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி யார், உங்கள் மாநில கவர்னர் யார், உங்கள் மாநிலத்தின் செனட்டர்களில் ஒருவர் யார், உங்கள் தொகுதி ரெப்ரசென்டேடிவ் (பிரதிநிதிகள் அவை உறுப்பினர்) யார். பழைய கேள்விப் பட்டியலில் தேர்வு எடுப்பவர்கள் அதிபரின் கட்சி எது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். இவற்றின் விடை தேதியைப் பொறுத்தது. கவர்னர், செனட்டர், ரெப்ரசென்டேடிவ் மூன்றும் நீங்கள் இருக்கும் இடத்தையும் பொறுத்தது.

பழையது, புதியது என்பதை முதலில் தீர்த்துவிடுவோம். 2025 அக்டோபர் 20-க்கு முன்னால் என்-400 (குடியுரிமை மனு) போட்டவர்களுக்கு 100 கேள்விப் பட்டியல். அதில் 10 வரை கேட்பார்கள். 6 சரியாகச் சொன்னால் போதும். அன்றைக்கோ அதற்குப் பிறகோ போட்டவர்களுக்கு 128 கேள்விப் பட்டியல். 20 வரை கேட்பார்கள். 12 சரியாக வேண்டும். 12 சரியானதும் நிறுத்திவிடுவார்கள், 9 தப்பானாலும் நிறுத்திவிடுவார்கள். கணக்கில் கொள்ள வேண்டியது மனு போட்ட தேதியைத்தான், இன்டர்வியூ தேதியை அல்ல. ரசீதை எடுத்துப் பார்த்துவிட்டுப் படிக்க உட்காருங்கள்.

நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் வார இறுதியில் பெரியவர்களுக்கு இந்தத் தேர்வுக்குப் பயிற்சி கொடுப்பவர்களில் நானும் ஒருவன். அங்கே வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது “எதை வைத்துப் படிக்கலாம்?” என்பதுதான். கேள்வி அட்டையும் ஆப்பும் போதுமா, யூடியூப் போதுமா, லைப்ரரி வகுப்பில் சேரணுமா, அப்பா அம்மாவைத் தமிழிலேயே எழுத வைக்கலாமா (குடிமையியலில் எழுதுவது ஒன்றும் கிடையாது, வாயால் சொல்வதுதான், ஆனாலும் நம்மூர்ப் பழக்கத்தில் அப்படித்தான் கேட்கிறோம்). என் பதில்: அந்த ஏழு கேள்விகளுக்கு ஒரு வழி, மற்றதுக்கெல்லாம் வேறு வழி. ஒரே வழியில் இரண்டையும் முடிக்கப் பார்த்தால்தான் சிக்கல்.

மாறாத கேள்விகளுக்கு அட்டையையும் ஆப்பையும் அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ரயிலில் வேலைக்குப் போகும்போது பத்து, திரும்பும்போது பத்து என்று தள்ளினால் ஒரு மாதத்துக்குள் பட்டியல் முழுக்க வாயில் வந்துவிடும். யூடியூபில் கேள்வியை ஆபீசர் மாதிரியே கேட்கும் வீடியோக்கள் இருக்கின்றன. காதுக்குப் பழக்கம் வர அவை நல்லவை. புதிய பட்டியலில் ‘ஏன்’ கேள்விகள் கூடியிருக்கின்றன. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஏன் இரண்டு செனட்டர்கள்? சின்ன மாநிலங்களுக்கும் சமமான இடம் வேண்டும் என்பதற்காக. ரெப்ரசென்டேடிவுக்கு ஏன் செனட்டரைவிடக் குறைந்த பதவிக்காலம்? மக்களின் கருத்தை நெருக்கமாகப் பின்பற்றுவதற்காக. சில மாநிலங்களுக்கு ஏன் அதிக ரெப்ரசென்டேடிவ்கள்? மக்கள்தொகை. நம்மூர் எம்.பி. கணக்கு தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. தொகுதிவாரியாக மக்கள் தேர்ந்தெடுக்கும் லோக்சபா மாதிரி பிரதிநிதிகள் அவை; மாநிலங்களின் சபையாக ராஜ்யசபா மாதிரி செனட். ஆனால் ராஜ்யசபாவில் தமிழ்நாட்டுக்கு 18 இடம், சிக்கிமுக்கு 1. இங்கே கலிபோர்னியாவுக்கும் 2, வயோமிங்குக்கும் 2. செனட்டரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பது 1913-ல் வந்த 17-வது திருத்தத்துக்குப் பிறகுதான். அதற்கு முன்னால் மாநில சட்டமன்றங்கள் தேர்ந்தெடுத்தன. இப்படிக் காரணத்தோடு படித்தது லேசில் மறக்காது.

பெயர் கேட்கும் ஏழு கேள்விகளுக்கு வரும்போதுதான் அட்டை கைவிடும். நியூ ஜெர்சியில் 2024-ல் நடந்ததைப் பாருங்கள். ஆகஸ்ட் வரை எங்கள் செனட்டர்கள் கோரி புக்கரும் பாப் மெனெண்டெஸும். ஊழல் வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்ததும் மெனெண்டெஸ் ஆகஸ்ட் 20-ல் விலகினார். செப்டம்பரில் அந்த இடத்தில் ஜார்ஜ் ஹெல்மி பதவியேற்றார். நவம்பர் தேர்தலில் ஆண்டி கிம் ஜெயித்தார். டிசம்பரிலேயே ஹெல்மி விலக, கிம் பதவியேற்றார். ஒரே நாற்காலியில் நாலு மாதத்துக்குள் மூன்று பேர். அந்த இலையுதிர் காலத்தில் இன்டர்வியூவுக்குப் போனவர்களின் ஆப் எந்தப் பெயரைக் காட்டியது என்பது அதை நடத்தியவர் எப்போது புதுப்பித்தார் என்பதைப் பொறுத்தது. நாங்கள் பயிற்சியில் வைத்திருந்த ஒரு ஆப்பில் பழைய பெயர் மாதக்கணக்கில் அப்படியே இருந்தது. சபாநாயகர் கதையும் இதே மாதிரிதான்: 2023 அக்டோபர் 3-ல் கெவின் மெக்கார்த்தியை அவையே நீக்கியது, மைக் ஜான்சன் தேர்வானது அக்டோபர் 25-ல். இடையில் மூன்று வாரம் தேர்ந்தெடுக்கப்பட்ட சபாநாயகரே இல்லை.

ஆகவே பெயர்களுக்கு அரசாங்கத் தளங்களை நேரடியாகப் பார்ப்பதுதான் வழி. குடியுரிமைத் துறையான யூ.எஸ்.சி.ஐ.எஸ். தன் தளத்தில் ‘தேர்வுப் புதுப்பிப்புகள்’ என்று ஒரு பக்கம் வைத்திருக்கிறது. அதிபர், துணை அதிபர், சபாநாயகர், தலைமை நீதிபதி ஆகிய விடைகள் மாறும்போது அங்கே மாற்றுவார்கள். செனட்டருக்கு செனட்டின் தளம், மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு பெயரும் வரும். ரெப்ரசென்டேடிவுக்கு பிரதிநிதிகள் அவையின் தளத்தில் ஜிப் கோடு போட வேண்டும். ஒரே ஜிப் கோடு இரண்டு தொகுதிக்குள் விழுந்தால் தெரு முகவரியும் கேட்கும், சோம்பல்படாமல் கொடுங்கள். அக்கம்பக்கத்தில் கேட்டுச் சொல்வது இங்கேதான் கவிழ்க்கும். எடிசனில் இருப்பவருக்கு ஃபிராங்க் பலோன், 6-வது தொகுதி. அதே மிடில்செக்ஸ் கவுண்டியில் பிளெயின்ஸ்பரோவில் இருப்பவருக்கு பானி வாட்சன் கோல்மன், 12-வது தொகுதி. கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் விடை உங்கள் விடை ஆகாது.

தேடும்போது இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒன்று, ஜெயித்தவர் வேறு, பதவியில் இருப்பவர் வேறு. இன்டர்வியூ நாளன்று பதவியில் இருப்பவரின் பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்று யூ.எஸ்.சி.ஐ.எஸ். தெளிவாகவே சொல்கிறது. 2025 நவம்பரில் மைக்கி ஷெரில் நியூ ஜெர்சி கவர்னர் தேர்தலில் ஜெயித்தார். பேப்பர், டிவி எல்லாவற்றிலும் அவர்தான். ஆனால் 2026 ஜனவரி 20 அன்று அவர் பதவியேற்கும் வரைக்கும் கவர்னர் பில் மர்ஃபி. டிசம்பரில் இன்டர்வியூ இருந்தவர் ஷெரில் என்று சொல்லியிருந்தால் அது தப்பு. போதாததற்கு ஷெரில் 11-வது தொகுதியின் ரெப்ரசென்டேடிவாக இருந்து அதே நவம்பரில் ராஜினாமா செய்தவர். அந்தத் தொகுதிக்காரர்களுக்கு அந்த விடையும் சேர்ந்தே போயிற்று.

இரண்டாவது, தொகுதி எல்லை. டெக்சஸில் 2025 ஆகஸ்டில் புதிய தொகுதி வரைபடத்தைச் சட்டமாக்கினார்கள். கலிபோர்னியாவில் 2025 நவம்பர் 4 வாக்கெடுப்பில் 50-வது முன்மொழிவு ஜெயித்து அங்கேயும் வரைபடம் மாறிவிட்டது. இரண்டுமே 2026 நவம்பர் பொதுத் தேர்தலுக்கானவை. அதில் ஜெயிப்பவர்கள் 2027 ஜனவரி 3-ல்தான் பதவியேற்பார்கள். அதுவரை டாலஸ் பக்கம் இருப்பவருக்கும் சான் ஹோசே பக்கம் இருப்பவருக்கும் பழைய எல்லைப்படி தேர்வானவர்தான் ரெப்ரசென்டேடிவ். புதிய வரைபடத்தைப் பார்த்து “நாம இப்போ அந்தத் தொகுதிக்கு மாறிட்டோம்” என்று வேறு பெயரைப் படித்து வைக்க வேண்டாம். அவையின் தளம் இன்றைய நிலவரத்தைத்தான் காட்டும். செய்தித்தாளில் வரும் படங்கள் பெரும்பாலும் வரப்போகும் தேர்தலுக்கானவை.

செனட்டரில் ஒரு சௌகரியம் இருக்கிறது. இரண்டு பேரில் ஒருவர் பெயர் போதும். அப்படியானால் பதவிக்காலம் சீக்கிரம் முடியாதவராகப் பார்த்துப் படியுங்கள். நியூ ஜெர்சியில் புக்கரின் இடத்துக்கு 2026 நவம்பரில் தேர்தல். ஆண்டி கிம்முக்கு 2031 ஜனவரி வரை இருக்கிறது. டெக்சஸில் ஜான் கார்னினின் இடம் 2026-ல் தேர்தலுக்கு வருகிறது; டெட் க்ரூஸுக்கு 2031 வரை. கலிபோர்னியாவில் அலெக்ஸ் பாடியா 2029 ஜனவரி வரை, ஆடம் ஷிஃப் 2031 ஜனவரி வரை. ஆண்டி கிம், டெட் க்ரூஸ் இரண்டுமே வாயில் சுலபமாக வரும் பெயர்கள், அது பெரியவர்களுக்கு இன்னொரு லாபம். மெனெண்டெஸ் கதை மாதிரி ஏதாவது நடந்தால் என்ன செய்வது என்கிறீர்களா? அதற்குத்தான் போகிற வாரம் தளத்தை இன்னொரு தடவை பார்க்கச் சொல்கிறேன்.

லைப்ரரி வகுப்பு, அடல்ட் ஸ்கூல், கம்யூனிட்டி காலேஜ் வகுப்பு: இவை பல ஊர்களில் இலவசம், அல்லது கொஞ்சம் கட்டணம். கேள்வியை வேறொருவர் வாயால் கேட்டு, யோசித்து, பதில் சொல்லும் பழக்கம் ஆப்பில் வராது, இங்கே வரும். என்-400 படிவத்தில் உள்ள கேள்விகளையும் சேர்த்துப் பயிற்சி கொடுக்கிற வகுப்பாக இருந்தால் கட்டாயம் சேருங்கள். பலர் திணறுவது குடிமையியலில் அல்ல, அந்தக் கேள்விகளில்தான். ஆனால் பெயர்களுக்காக மட்டும் என்றால் வகுப்பு தேவையில்லை. இருபது பேர் வகுப்பில் ஐந்து ஊர்க்காரர்கள் இருப்பார்கள். டீச்சர் போர்டில் எழுதிப் போடும் ரெப்ரசென்டேடிவ் டீச்சருடைய ரெப்ரசென்டேடிவ்.

இன்னொரு கட்சியும் உண்டு: “இருபதில் பன்னிரண்டுதானே வேணும், பெயர்களை விட்டுட்டு மத்ததைப் படிச்சா போதும்.” ஆங்கிலத்தில் முழுப் பட்டியலையும் எடுக்கும் இளம் வயதுக்காரருக்கு இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 128-ல் ஏழு என்றால் 20 கேள்வியில் சராசரியாக ஒன்று வரும். எட்டு வரை தப்பலாம். ஆனால் அந்த ஏழில் அதிபர் பெயரும் துணை அதிபர் பெயரும் எப்படியும் தெரிந்திருக்கும். மிச்சம் ஐந்து பெயரைத் தெரிந்துகொள்ள ஒரு சாயங்காலம் போதும். அதற்குப் போய் விடுவானேன்?

65 வயதைத் தாண்டிய பெற்றோருக்கு இந்தக் கணக்கு அடியோடு மாறுகிறது. மனு போடும்போது 65 வயதாகி, கிரீன் கார்டு கிடைத்து 20 ஆண்டாகியிருந்தால் அவர்களுக்குப் பட்டியலில் நட்சத்திரக் குறி போட்ட 20 கேள்விகள் மட்டும். அதில் 10 கேட்பார்கள், 6 சரியாக வேண்டும். பழைய பட்டியலில் அந்த இருபதுக்குள் செனட்டர், அதிபர், மாநிலத் தலைநகர் ஆகிய மூன்றும் இருக்கின்றன. மூன்றையும் விட்டுவிட்டு, மூன்றும் கேட்கப்பட்டால், மிச்சம் ஏழில் ஆறு சரியாக வந்தாக வேண்டும். எழுபது வயதில் அந்த நெருக்கடி எதற்கு? புதிய பட்டியலின் நட்சத்திரங்களோ வேறு கேள்விகள் மேல். அங்கே செனட்டர் இல்லை. அதற்குப் பதில் சபாநாயகர், துணை அதிபர், கவர்னர் வருகிறார்கள். பக்கத்து வீட்டு மாமி இரண்டு வருடத்துக்கு முன்னால் பாஸ் செய்த தாளை வாங்கி அம்மாவிடம் கொடுக்கும் பிள்ளைகள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மாமி படித்தது ‘ஆண்டி கிம்’. அம்மாவிடம் கேட்கப்போவது கவர்னர் பெயர்.

தமிழா, ஆங்கிலமா? 50 வயதும் கிரீன் கார்டில் 20 ஆண்டும், அல்லது 55 வயதும் 15 ஆண்டும் ஆனவர்களுக்கு ஆங்கில வாசிப்பு, எழுத்து, பேச்சுச் சோதனை கிடையாது. மொழிபெயர்ப்பாளரோடு தமிழிலேயே பதில் சொல்லலாம். ஆனால் இவர்களுக்குப் பட்டியல் முழுசுதான். இருபது கேள்விச் சலுகை 65/20 காரர்களுக்கு மட்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, 58 வயது அப்பாவுக்கு நட்சத்திரக் கேள்விகளை மட்டும் சொல்லிக்கொடுக்கும் வீடுகள் நிறைய.

பெயர்க் கேள்விகளைப் பொறுத்தவரை தமிழ் பெரிதாகச் சுமையைக் குறைக்காது. ஃபிராங்க் பலோன் தமிழிலும் ஃபிராங்க் பலோன்தான். தமிழ் உதவுவது கேள்வியைப் புரிந்துகொள்ள. எங்கள் பயிற்சியில் நடந்த ஒரு பேச்சைச் சொல்கிறேன்.

“மாமா, உங்க ரெப்ரசென்டேடிவ் யாரு?”

“நம்ம சாம் ஜோஷி தாம்ப்பா.”

“அவர் எடிசன் மேயர் மாமா. வாஷிங்டன்ல நமக்காக உட்கார்ந்திருக்கிறவர் யாரு?”

“ஓ, டெல்லிக்குப் போற எம்.பி. மாதிரியா? அப்படிக் கேளேன். பலோன்.”

மாமாவைக் குறை சொல்ல முடியாது. தேர்தல் காலத்தில் எடிசன் புல்வெளிகளில் நடப்பட்டிருக்கும் அட்டைகளைப் பார்த்தால் யாருக்கும் தலை சுற்றும். நியூ ஜெர்சிக்கு வாஷிங்டனில் இரண்டு செனட்டர்கள் இருப்பது போக, டிரென்டனில் தனியாக ஒரு செனட் இருக்கிறது. மாநிலத்தின் 40 சட்டமன்ற மாவட்டங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாநில செனட்டர், இரண்டு அசெம்ப்ளி உறுப்பினர்கள். நம் வார்த்தையில் அவர்கள் எம்.எல்.ஏ.க்கள். தேர்வில் கேட்பது எம்.பி.யை. பெற்றோருக்கு இந்த ஒரு வரியில் விளக்கிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். ஆங்கிலத்தில் எடுப்பவர்களும் கேள்வியில் ‘யு.எஸ்.’ என்ற சொல் வருவதைக் காதில் வாங்கிப் பழகட்டும்.

தகுதி இருப்பவர்கள் தமிழையே எடுக்கலாம் என்பது என் கட்சி. காரணம் குடிமையியல் அல்ல. சலுகை இல்லாமல் போனால் படிவத்தில் உள்ள ஆமாம்-இல்லை கேள்விகளையும் ஆங்கிலத்தில் எதிர்கொள்ள வேண்டும். “எப்போதாவது இப்படிச் செய்தீர்களா” என்று சுற்றி வளைத்து வரும் சட்டக் கேள்விகள் அவை. புரியாமல் ‘எஸ்’ சொல்லிவிட்டால் சிக்கல் வேறு மாதிரி போகும். தமிழுக்குச் செலவு ஒன்றுதான்: மொழிபெயர்ப்பாளரை நாமே அழைத்துப் போக வேண்டும். அவருக்கு இரண்டு மொழியும் சரளமாக வர வேண்டும், ஜி-1256 படிவத்தில் ஆபீசர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும், சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும். நடுவில் “அப்பா சொல்ல வர்றது என்னன்னா” என்று ஆரம்பிக்கக் கூடாது. உங்கள் வழக்கறிஞரே மொழிபெயர்ப்பாளராக இருக்க முடியாது. ஆங்கிலம் நன்றாக வரும் ஓய்வுபெற்ற டீச்சர் அம்மாக்களுக்கு இந்த ஏற்பாடெல்லாம் வேண்டாம். அவர்கள் ஆங்கிலத்தில் போகட்டும்.

நடைமுறையில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பட்டியலை ஆப்பிலோ அட்டையிலோ படியுங்கள். பெயர்க் கேள்விகளின் அட்டைகளை மட்டும் எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். இன்டர்வியூ கடிதம் வந்த அன்று தளங்களைப் பார்த்து ஒரு வெள்ளைத்தாளில் ஏழு பெயரையும் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். பெரியவர்களுக்குத் தமிழ் எழுத்தில் உச்சரிப்பையும் பக்கத்தில் எழுதுங்கள். குடும்பப் பெயர் மட்டும் சொன்னாலும் அதிபருக்கு ஏற்றுக்கொள்கிறார்கள். மற்றவர்களுக்கு முழுப் பெயராகச் சொல்லிப் பழகுவது நல்லது. போகும் வாரத்தில் தாளைத் தளங்களோடு மறுபடி ஒத்துப் பாருங்கள். கடிதம் வந்த பிறகு வீடு மாறியிருந்தால் ரெப்ரசென்டேடிவைப் புது முகவரியில் தேடுங்கள். வாஷிங்டன் டி.சி.யில் இருப்பவர்களுக்கு செனட்டரும் கிடையாது, கவர்னரும் கிடையாது. ‘இல்லை’ என்று சொல்வதுதான் சரியான விடை.

தவறிப்போனால் தவறிய பகுதிக்கு மட்டும் 60 முதல் 90 நாளுக்குள் இன்னொரு வாய்ப்பு தருவார்கள். அந்த இடைவெளியில் பெயர்கள் மாறலாம். 2026 அக்டோபர் கடைசியில் முதல் இன்டர்வியூ என்றால் இரண்டாவது 2027 ஜனவரியில் விழலாம். ஜனவரி 3-ல் புதிய காங்கிரஸ் கூடியிருக்கும். சபாநாயகரை அவை புதிதாகத் தேர்ந்தெடுக்கும். டெக்சஸ், கலிபோர்னியாவில் தொகுதியே மாறியிருக்கலாம். எடிசன் பக்கமும் அப்படித்தான்: பானி வாட்சன் கோல்மன் 2026-ல் மறுபடி போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்துவிட்டதால், பிளெயின்ஸ்பரோக்காரர்கள் அந்த ஜனவரியில் வேறு பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டாம் முறைக்குப் பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுங்கள்.